காசுல கடவுள் பேரு எதுக்கு? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல டாலர் மதிப்பு பத்தி ஒருத்தர் கேட்டதுக்கு பதில் சொல்றப்ப, அந்த நோட்டுல இருக்கற 'இன் காட் வீ டிரஸ்ட்', அதாவது 'கடவுளை நம்புறோம்'ங்கற வாசகம் அங்க இருக்க வேண்டியதே இல்லைன்னு போற போக்குல ஒரு வரி எழுதியிருந்தேன். அவ்ளோதான், டாலர் மதிப்பை எல்லாரும் மறந்துட்டாங்க, வந்த கடிதம் மெயில் எல்லாமே அந்த ஒத்தை வரி பத்திதான், பாதி திட்டு பாதி சபாஷ். அதனால இந்த தடவை மத்த கேள்வியெல்லாம் ஓரமா இருக்கட்டும், இதை மட்டும் பேசிடுவோம். பேர் போட வேண்டாம்னு சில பேர் கேட்டுக்கிட்டதால யார் பேரையும் போடல.

கேள்வி: அந்த நாட்டை உருவாக்கின பெரியவங்களே யோசிச்சு வச்ச வாசகம் அது. ஆரம்பத்துலேர்ந்து இருக்கறதை எடுக்கச் சொல்ல நீங்க யாரு சார்?

நான் யாரும் இல்லைங்க. ஆனா ஆரம்பத்துலேர்ந்து இருக்குன்னு சொன்னீங்க பாருங்க, அது சரியில்ல. அமெரிக்காவை உருவாக்கினவங்க காலத்துல, 1787-ல, அந்த அரசாங்கம் சார்பா வந்த முதல் காசு ஃபூஜியோ சென்ட்னு ஒரு செப்புக்காசு. அதுல ஒரு பக்கம் 'உன் வேலையைப் பாரு'ன்னு எழுதியிருக்கும், நெஜமாத்தான் சொல்றேன், 'மைண்ட் யுவர் பிசினஸ்'னே இருக்கும். இன்னொரு பக்கம் 'நாம எல்லாம் ஒண்ணு'. கடவுள் பேச்சே கிடையாது. 1782-ல ஏத்துக்கிட்ட அரசு முத்திரையில இருந்த வாசகமும் லத்தீன்ல 'ஈ ப்ளூரிபஸ் ஊனும்', பலதுலேர்ந்து ஒண்ணுன்னு அர்த்தம், ரொம்ப காலம் அதுதான் அவங்க தேசிய வாசகம் மாதிரி ஓடிட்டிருந்தது.

கடவுள் காசுக்குள்ள வந்தது உள்நாட்டுப் போர் சமயத்துல. 1861 நவம்பர் 13-ம் தேதி, பென்சில்வேனியாவுல இருந்த வாட்கின்சன்னு ஒரு பாதிரியார் அப்போதைய நிதியமைச்சர் சால்மன் சேஸுக்கு ஒரு கடிதம் போடறார். நம்ம காசுல கடவுளைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல, நாளைக்கு இந்த நாடு மீட்கவே முடியாத மாதிரி சிதறிப்போச்சுன்னா பின்னாடி வர்ற நூற்றாண்டுகள்ல பழம்பொருள் ஆராய்ச்சி பண்றவங்க இதைப் பாத்துட்டு இவங்க கடவுளை அறியாத கூட்டம்னு நினைச்சுட மாட்டாங்களான்னு. கவனிங்க, அவர் கவலை கடவுள் கோவிச்சுப்பாருன்னு இல்ல, பின்னாடி வர்றவன் என்ன நினைப்பான்னு! சேஸுக்கு இது பிடிச்சுப்போச்சு, ஒரே வாரத்துல நாணயச்சாலை இயக்குநர் ஜேம்ஸ் பொல்லாக்குக்கு எழுதி வாசகம் தயார் பண்ணச் சொன்னார். அவர் 'நம்ம நாடு, நம்ம கடவுள்' அப்புறம் 'கடவுளே நம் நம்பிக்கை'ன்னு ரெண்டு மூணு வடிவம் அனுப்ப, சேஸ் திருத்தி இன்னிக்கு இருக்கற வடிவத்தைக் கொண்டுவந்தார். 1864-ல வந்த ரெண்டு சென்ட் காசுலதான் அது முதல் முதல்ல ஏறுச்சு. அதுவும் எல்லாக் காசுலயும் இல்ல, ஒரு காசுல இருக்கும் இன்னொண்ணுல இருக்காது, அஞ்சு சென்ட் காசுல 1883-ல காணாமப் போனது திரும்பி வந்தது 1938-லதான். அம்பத்தஞ்சு வருஷம் அந்தக் காசு சாமி பேரு இல்லாமதான் கை மாறிட்டிருந்தது, நாடு ஒண்ணும் மூழ்கிடல.

நோட்டு விஷயம் இன்னும் லேட்டு. 1950-கள்ல சோவியத் ரஷ்யாவோட பனிப்போர் நடந்துட்டிருக்கு, அவங்க கடவுள் இல்லைன்னு சொல்ற கம்யூனிஸ்ட், நாங்க அப்படி இல்லைன்னு காட்டணும், அந்த மூட்லதான் 1954-ல கொடி உறுதிமொழியில 'கடவுளின் கீழ்'னு சேர்த்தாங்க, 1955 ஜூலையில எல்லா நோட்டு காசுலயும் இந்த வாசகம் கட்டாயம்னு சட்டம் போட்டு அப்போதைய அதிபர் ஐசனோவர் கையெழுத்து போட்டார், 1956-ல அதையே தேசிய வாசகம்னு அறிவிச்சாங்க. ஒரு டாலர் நோட்டுல அது அச்சாகி வெளிய வந்தது 1957 அக்டோபர் 1. அதாவது இதைப் படிக்கறவங்கள்ல சில பேரோட வயசை விட அந்த நோட்டு வாசகத்தோட வயசு கம்மி.

இதுல ஒரு கூடுதல் வேடிக்கை. 1957-ல வந்த அந்த ஒரு டாலர், வெள்ளிச் சான்றிதழ்ங்கற வேற வகை நோட்டு. அவங்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் பேர்ல வர்ற நோட்டுல முன்னாடி 'இதைக் கொண்டுவர்றவருக்கு கேட்டவுடன் பணம் தரப்படும்'னு ஒரு வாக்குறுதி இருந்தது. 1963 சீரிஸ் நோட்டுல அந்த வரியைத் தூக்கிட்டாங்க. அதே 1963 சீரிஸ்லதான் ஃபெடரல் ரிசர்வ் நோட்டுல 'கடவுளை நம்புறோம்' முதல் தடவையா ஏறுச்சு. ரெண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, ரெண்டும் தனித்தனி காரணம், இதுல சதி இருக்குன்னு யாரும் வாட்ஸ்அப்ல கிளப்பிடாதீங்க. ஆனா சிரிப்பு வருதா இல்லையா.

கேள்வி: மதச்சார்பின்மை அவங்க அரசியல் சட்டத்துலயே இருக்கே, கோர்ட்டுக்குப் போனா ஒரே நாள்ல தீர்ந்துடாதா? நாத்திகர்கள் ஏன் சும்மா இருக்காங்க?

சும்மா எங்க இருந்தாங்க, போகாத கோர்ட் இல்ல. 1970-ல ஆரோனோவ்ங்கறவர் போட்ட கேஸ், 70-கள் கடைசியில மேடலின் மரே ஓஹேர் போட்டது (பள்ளிக்கூடத்துல பைபிள் படிக்க வைக்கறதை எதிர்த்து 1963-ல சுப்ரீம் கோர்ட்ல ஜெயிச்சாங்களே அந்த அம்மாதான்), அப்புறம் மைக்கேல் நியூடௌ, டாக்டரும் அவரே வக்கீலும் அவரே, அவர் விடாம போட்டது, எல்லாமே தோல்வி. சுப்ரீம் கோர்ட் வரைக்கும் போயும் அவங்க எடுத்துக்கவே இல்ல.

தோத்தது கூட விஷயம் இல்ல, எப்படி தோத்தாங்கங்கறதுதான் விஷயம். 1970 தீர்ப்புல கோர்ட் என்ன சொல்லுச்சுன்னா, இந்த வாசகத்துக்கும் மதத்தை அரசு நிறுவறதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, இது தேசபக்தி சம்பந்தப்பட்டது, சடங்கு மாதிரி ஒண்ணு, இதுக்கு மத ரீதியான தாக்கமே கிடையாதுன்னு. பின்னாடி இதுக்குன்னே 'சடங்குக் கடவுள்வாதம்'னு ஒரு பேரும் சட்டக்காரங்க மத்தியில புழங்க ஆரம்பிச்சுது. சொல்லிச் சொல்லி தேஞ்சுபோய் அர்த்தம் போயிடுச்சு, அதனால ஆபத்தில்ல, அப்படிங்கறதுதான் அதோட சாரம்.

இதைக் கேட்டு முதல்ல கோவப்பட வேண்டியது யாரு? நாத்திகனா? அவனுக்கு இது ஒருவகையில வெற்றி! உண்மையா சாமி கும்பிடறவங்கதான் கொதிச்சிருக்கணும். உங்க கடவுள் பேரு இருக்கலாம், ஏன்னா அதுக்கு இப்ப ஒரு அர்த்தமும் இல்லைன்னு கோர்ட் சொல்லுது, அதைக் கேட்டு கை தட்டறாங்க. எனக்கு இது புரியவே மாட்டேங்குது.

இன்னொரு கேஸ் இருக்கு, காசு பத்தினதே இல்ல, ஆனா இங்க ரொம்ப முக்கியம். நியூ ஹாம்ப்ஷைர் மாநிலத்துல கார் நம்பர் பிளேட்ல 'சுதந்திரமா வாழு இல்லன்னா செத்துப்போ'ன்னு ஒரு வாசகம் கட்டாயம். யெகோவா சாட்சிகள் பிரிவைச் சேர்ந்த ஒருத்தர் என் நம்பிக்கைக்கு இது ஒத்து வராதுன்னு அதை மறைச்சு ஒட்டினார், அபராதம் போட்டாங்க, ஜெயிலுக்கும் போனார். 1977-ல சுப்ரீம் கோர்ட் அவர் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு, அரசாங்கத்தோட கருத்தை விளம்பரப் பலகை மாதிரி தூக்கிட்டு திரியணும்னு ஒரு மனுஷனைக் கட்டாயப்படுத்த முடியாதுன்னு. அப்ப டாலர் நோட்டு? அதுக்கும் அதே தீர்ப்புல ஒரு அடிக்குறிப்பு போட்டு நழுவிட்டாங்க. பணம் கைக்கு கை மாறிட்டே இருக்கறது, பர்ஸ்லயோ பாக்கெட்லயோ இருக்கறது, அதை யாருக்கும் காட்டணும்னு அவசியமில்ல, அதனால வச்சிருக்கறவன் அந்த வாசகத்தை விளம்பரம் பண்றான்னு ஆகாதுன்னு.

கேக்க நியாயமாத்தான் இருக்கு. ஆனா 1950-கள்ல நோட்டுல இதைப் போடணும்னு முதல்ல கிளம்பினவர் மேத்யூ ராத்தர்ட்னு ஆர்கன்சாவைச் சேர்ந்த நாணய சேகரிப்பாளர், சர்ச்ல காணிக்கைத் தட்டு வர்றப்ப காசுல வாசகம் இருக்கு நோட்டுல இல்லையேன்னு அவருக்குத் தோணியிருக்கு. அவர் சொன்ன காரணமே என்ன தெரியுமா, நம்ம நோட்டு உலகம் பூரா போகுது, அதுல எழுதினா நம்ம கடவுள் நம்பிக்கை ஊர் ஊரா போய்ச் சேரும்ங்கறது. அதாவது விளம்பரத்துக்குன்னு சொல்லியே வச்சது, கோர்ட்டுக்கு வந்தப்புறம் இது விளம்பரமே இல்லைன்னு ஆயிடுச்சு. ரெண்டுல ஒண்ணுதானே உண்மையா இருக்க முடியும்.

2018-ல, எட்டாவது சர்க்யூட் கோர்ட், அதாவது சுப்ரீம் கோர்ட்டுக்கு அடுத்தபடியா இருக்கற மேல்முறையீட்டு கோர்ட்கள்ல ஒண்ணு, கொஞ்சம் வேற மாதிரி பேசுச்சு. இது நாட்டோட நீண்ட வரலாறு, மரபு, யாரையும் கும்பிடச் சொல்லிக் கட்டாயப்படுத்தல, அதனால இருக்கலாம்னு. எனக்கு இந்த முடிவுல உடன்பாடு இல்லைன்னாலும் இது பரவாயில்லைன்னு தோணுது, அர்த்தமே இல்லைன்னு மழுப்பறதை விட பழக்கமா இருக்கு விட்டுருங்கன்னு சொல்றது நேர்மை.

கேள்வி: நான் பக்தன். சாமி பேரை எடுக்கணும்னு கத்தறவன் எல்லாம் சாமி இல்லைன்னு சொல்றவன்தானே? ஒரு பக்தனாவது அப்படி சொல்லியிருக்கானா?

ரொம்ப நல்ல கேள்வி, இதுக்குத்தான் காத்திட்டிருந்தேன். சொல்லியிருக்காங்க, சாதாரண பக்தனும் இல்ல, நாடு ஆண்டவங்களே.

1907-ல அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், காசெல்லாம் அழகில்லாம இருக்குன்னு சிற்பி அகஸ்டஸ் செயின்ட் காடன்ஸ் கிட்ட புது டிசைன் கேட்டார். இருபது டாலர் தங்கக்காசு, பத்து டாலர் தங்கக்காசு ரெண்டும் புதுசா வந்துச்சு, இன்னிக்கும் அமெரிக்காவோட அழகான காசு எதுன்னு கேட்டா அந்த இருபது டாலரைத்தான் நிறைய பேர் காட்டுவாங்க. அதுல 'கடவுளை நம்புறோம்' இல்ல. பாதிரியார்கள் பொங்கி எழுந்துட்டாங்க. ரூஸ்வெல்ட் தெய்வ நம்பிக்கை உள்ளவர், சர்ச்சுக்குப் போறவர், அவர் 1907 நவம்பர்ல எழுதின பதில் கடிதத்துல தெளிவா சொல்றார், இப்படி ஒரு புனிதமான வாசகத்தைக் காசுல போடறதால நன்மை இல்லைங்கறது மட்டுமில்ல தீமைதான், இது கிட்டத்தட்ட தெய்வ நிந்தனைன்னு. கோர்ட் கட்டடத்துல போடுங்க, சட்டசபை மண்டபத்துல போடுங்க, பாக்கறவன் மனசு உயரும், ஆனா காசுல, தபால் தலையில, விளம்பரத்துல எல்லாம் போட்டா மலிஞ்சுதான் போகும்ங்கறார். காசுல இருக்கற அந்த வாசகத்தை ஒருத்தராவது பக்தியோட சொல்லி நான் கேட்டதே இல்ல, கிண்டலுக்குப் பயன்படுத்தித்தான் நூறு தடவை கேட்டிருக்கேன்னும் சொல்றார். அந்தக் காலத்துல வெள்ளி டாலர்ல இருந்த வெள்ளியோட மதிப்பு ஒரு டாலருக்கு கம்மி, அதனால மீதிக்கு கடவுளைத்தான் நம்பணும்னு ஜோக்கடிச்சுட்டிருந்தாங்க. கடைசியில காங்கிரஸ் சபை அவர் பேச்சைக் கேக்கல, 1908 மே மாசம் முன்னாடி இருந்த காசுல எல்லாம் திரும்பப் போடணும்னு சட்டம் போட்டுட்டாங்க, அவரும் வீட்டோ பண்ணாம விட்டுட்டார், இதுக்குப் போய் அரசியல் பண்ணுவானேன்னு இருந்திருக்கும்.

இன்னொருத்தரைச் சொன்னா ஆச்சரியப்படுவீங்க. ஔரங்கசீப்! அவருக்கு முன்னாடி முகலாயர் காசுல கலிமா, அதாவது இஸ்லாமோட அடிப்படை உறுதிமொழி, பொறிக்கற வழக்கம் இருந்தது. மத விஷயத்துல கறார்னு பேரெடுத்த ஔரங்கசீப் பட்டத்துக்கு வந்ததும் 1659 வாக்குல அதை நிறுத்திட்டார். காரணம், காசு கண்ட கையிலயும் புழங்கும், வேற மதத்துக்காரங்க தொடுவாங்க, புனித வார்த்தை தீட்டாயிடும்ங்கறது. அவரோட காரணத்துல ஒரு பாதி எனக்கு ஒப்பாது, யார் தொட்டா என்ன. ஆனா யோசிச்சுப் பாருங்க, ஒரு பக்கம் கிறிஸ்தவ ஜனநாயக நாட்டு அதிபர், இன்னொரு பக்கம் முகலாய பாதுஷா, நடுவுல இருநூத்தம்பது வருஷம், ரெண்டு பேரும் வந்து நிக்கற இடம் ஒண்ணு. லஞ்சமா போறது, சூதாட்ட மேஜையில போறது, கூலிப்படைக்கு முன்பணமா போறது எல்லாமே இந்த நோட்டுதான், அது மேல உங்க சாமி பேரு இருக்கணுமா? இதை நான் கேட்டா நாத்திகம், அவங்க கேட்டா பக்தியா?

கேள்வி: அமெரிக்காவை மட்டும் ஏன் சார் வம்புக்கு இழுக்கறீங்க, வேற எந்த நாட்டுலயும் இல்லையா?

நிறைய இருக்கு. சுவிட்சர்லாந்து அஞ்சு ஃப்ராங்க் காசோட விளிம்புல லத்தீன்ல 'இறைவன் தருவார்'னு இருக்கு. நெதர்லாந்து ரெண்டு யூரோ காசு விளிம்புல 'கடவுள் நம்மோடு இருக்கட்டும்'. இங்கிலாந்து காசுல ராஜா பேரோட சேர்ந்து இருக்கற சின்னச் சின்ன எழுத்துக்கெல்லாம் 'கடவுள் அருளால் மன்னர், நம்பிக்கையின் காவலர்'னு அர்த்தம். அந்தக் காவலர் பட்டத்தை எட்டாம் ஹென்றிக்கு 1521-ல போப் கொடுத்தார், கொஞ்ச வருஷத்துல ஹென்றி போப்பையே தூக்கி எறிஞ்சுட்டார், பட்டத்தை மட்டும் விடல. 1849-ல ஒரு ஃப்ளோரின் காசுல இந்த எழுத்துக்களை விட்டுட்டாங்கன்னு அதுக்கு 'கடவுளற்ற ஃப்ளோரின்'னு பேரு வந்து, நாணயச்சாலை தலைவர் கத்தோலிக்கர் அதான் வேணும்னே விட்டுட்டார்னு சந்தேகம் வேற, 1851-ல மாத்த வேண்டியதாப் போச்சு. கனடாவுலயும் அதே கதை, 1911-ல விட்டாங்க, 1912-ல சேர்த்தாங்க. பாகிஸ்தான் நோட்டுல 'நேர்மையான வழியில சம்பாதிக்கறதே வழிபாடு'ங்கற மாதிரி ஒரு வரி இருக்கும், இந்த லிஸ்ட்லயே எனக்குப் பிடிச்சது அதுதான், பணத்துக்கு சம்பந்தமா பேசுது பாருங்க.

பிரேசில்ல 'இறைவனுக்குப் புகழ்'னு 1986-ல அதிபர் சார்னே காலத்துல நோட்டுல ஏத்தினாங்க. அதுக்கப்புறம் அந்த நாட்டுப் பணவீக்கம் போன போக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கரன்சி பேரையே திரும்பத் திரும்ப மாத்தினாங்க. 1994-ல வந்த ரியால் நோட்டுலயும் அந்த வாசகம் இருக்கு. 2012-ல ஒரு அரசு வக்கீலே, இது மதச்சார்பற்ற நாடாச்சே, எடுங்கன்னு கேஸ் போட்டார், கோர்ட் ஏத்துக்கல.

ரொம்பப் பழசு வேணும்னா ஏழாம் நூற்றாண்டுக்குப் போங்க. பைசாந்திய சக்கரவர்த்தி ரெண்டாம் ஜஸ்டினியன் தங்கக்காசுல ஏசுநாதர் உருவத்தையே பொறிச்சார். கொஞ்ச வருஷத்துல, 696-697 வாக்குல, கலீஃபா அப்துல் மாலிக் உருவமே இல்லாம முழுக்க எழுத்து மட்டும், அதுவும் இறைவன் ஒருவனேங்கற குர்ஆன் வாசகத்தோட தங்க தீனார் வெளியிட்டார். அது வெறும் பக்தி இல்ல, உன் காசு என் காசுன்னு ரெண்டு பேரரசு நேருக்கு நேர் நின்ன அரசியல்.

ஐரோப்பிய யூனியன் கதை ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். 2013-ல ஸ்லோவாக்கியா, சிரில் மெத்தோடியஸ்னு ரெண்டு புனிதர்கள் நினைவா ரெண்டு யூரோ காசு போடறப்ப, தலைக்குப் பின்னாடி இருக்கற ஒளிவட்டத்தையும் உடுப்புல இருக்கற சிலுவையையும் எடுங்கன்னு சில உறுப்பு நாடுகள் ஆட்சேபம் பண்ணாங்க. புனிதர் வேணும், ஒளிவட்டம் வேண்டாமாம். கடைசியில ஸ்லோவாக்கியா பிடிவாதமா நின்னு முழு டிசைனோடவே வெளியிட்டது. என் ஓட்டு இந்த விஷயத்துல ஸ்லோவாக்கியாவுக்குத்தான், வரலாற்று மனுஷங்களைக் காட்டறதும் நாட்டு மக்கள் எல்லார் சார்பாவும் 'நாங்க நம்புறோம்'னு அறிவிக்கறதும் ஒண்ணில்ல.

கேள்வி: இந்திய ரூபாயில இருக்கற 'சத்யமேவ ஜயதே' உபநிஷத் வாசகம்தானே, அதை ஏன் பேச மாட்டேங்கறீங்க? லட்சுமி பிள்ளையார் படம் போடச் சொன்னதையும் சேர்த்து பதில் சொல்லுங்க.

பேசுவோமே. முண்டக உபநிஷத்துலேர்ந்து எடுத்ததுதான், 1950-ல அசோகர் சிங்க முத்திரையோட சேர்த்து அரசுச் சின்னமா ஏத்துக்கிட்டாங்க. ஆனா 'வாய்மையே வெல்லும்'ங்கற வரியை எந்த மதத்துக்காரனும், மதமே இல்லாதவனும் சொல்லலாம், எங்கேர்ந்து வந்துச்சுங்கறது வேற, என்ன சொல்லுதுங்கறது வேற. 'கடவுளை நம்புறோம்'ங்கறதை நம்பாதவன் சொன்னா பொய்யாயிடும். இந்த வித்தியாசம் எனக்குப் போதும்.

லட்சுமி பிள்ளையார் விஷயம், 2022 அக்டோபர்ல அப்போ டெல்லி முதல்வரா இருந்த அர்விந்த் கெஜ்ரிவால் பிரதமருக்கு வச்ச கோரிக்கை, ஒரு பக்கம் காந்தி இருக்கட்டும், இன்னொரு பக்கம் லட்சுமியும் விநாயகரும் போட்டா பொருளாதாரம் நல்லாருக்கும்னு, இந்தோனேசியா நோட்டுல பிள்ளையார் இருக்காரேன்னு உதாரணமும் சொன்னார். அது 1998-ல வந்த 20,000 ரூபியா நோட்டு, கல்வியாளர் கி ஹஜர் தேவந்தாரா படத்துக்குப் பக்கத்துல பிள்ளையார் இருந்தது உண்மைதான், ஆனா அந்த நோட்டை 2008 கடைசியிலேயே செல்லாததாக்கிட்டாங்க. இல்லாத நோட்டைக் காட்டி கேட்டார், அவ்ளோதான் சொல்வேன்.

காசுல சாமி உருவம் இந்த மண்ணுக்குப் புதுசான்னா புதுசே இல்ல. கனிஷ்கர் காசுல புத்தர், சிவன், ஈரானிய தெய்வங்கள், கிரேக்க தெய்வங்கள் எல்லாரும் உண்டு. முகமது கோரி வட இந்தியாவை ஜெயிச்சப்புறம் போட்ட தங்கக்காசுல ஒரு பக்கம் உக்காந்திருக்கற லட்சுமி, மறுபக்கம் அவர் பேரு தேவநாகரியில. கிழக்கிந்தியக் கம்பெனி, வெள்ளைக்கார கிறிஸ்தவக் கம்பெனி, சென்னையில அடிச்ச ஒரு வராகன்ல வெங்கடாசலபதி ரெண்டு தேவியரோட நிப்பார். கோரிக்கு லட்சுமி மேல பக்தியா? கம்பெனிக்காரனுக்கு ஏழுமலையான் மேல பக்தியா? ஜனங்க பழகின காசு மாதிரி இருந்தாத்தான் கையில வாங்குவாங்க, அதான். சாமி அங்க வியாபாரத்துக்கு ஜாமீன் நின்னார்.

இதுக்கு எதிர்ப்பக்கம் ஒரு கதையும் உண்டு. 1911-ல ஐந்தாம் ஜார்ஜ் படம் போட்ட ரூபாய்ல, அவர் அங்கியில தொங்கற பதக்க மாலையில ஒரு குட்டி யானை, தும்பிக்கை சரியா வராம பாக்க பன்னி மாதிரி இருந்துச்சு. முஸ்லிம்கள் மத்தியில பெரிய அதிருப்தி, 'பன்னி ரூபாய்'னே பேராயிடுச்சு, வெளிய விட்டது போக மீதியை நிறுத்திட்டு 1912-ல யானையை ஒழுங்கா வரைஞ்சு போட்டாங்க. கடுகளவு உருவம்தான், அதுக்கே இவ்ளோ. நோட்டுல மதத்தைத் தொடறவங்க இதை ஞாபகம் வச்சுக்கறது நல்லது.

அப்புறம், தஞ்சை பெரிய கோயில் ஆயிரமாவது ஆண்டுக்கும் வைஷ்ணோ தேவிக்கும் நினைவுக் காசு வெளியிட்டதை எதிர்த்து போட்ட வழக்கை 2018-ல டெல்லி ஹைகோர்ட் தள்ளுபடி பண்ணிடுச்சு. பெரிய கோயில் காசுல எனக்கு பிரச்சனையே இல்ல, அது கட்டடக்கலைக்கு மரியாதை. இன்னொண்ணு பத்தி கொஞ்சம் தயக்கம் இருக்கு.

கேள்வி: அமெரிக்காவுல சில பேர் அந்த வாசகத்தைப் பேனாவால அடிச்சுட்டுத்தான் செலவு பண்ணுவாங்களாமே, அந்த நோட்டு செல்லுமா?

செல்லும். அங்க இருக்கற சட்டம், நோட்டு திரும்பப் புழக்கத்துக்கே லாயக்கில்லாமப் போகணும்ங்கற நோக்கத்தோட சிதைக்கறதைத்தான் குத்தம்னு சொல்லுது. ஒரு கோடு போட்டா யாரும் புடிச்சு உள்ள வைக்க மாட்டாங்க, ஆனா மெனக்கெட்டு ஒவ்வொரு நோட்டா அடிக்கற பொறுமை இருந்தா வேற ஏதாவது உருப்படியா பண்ணலாம்.

கேள்வி: சுத்தி வளைக்காம சொல்லுங்க. எடுக்கணுமா, வேண்டாமா?

எடுக்கணும். ஆனா கோர்ட் மூலமா இல்ல, அவங்க சபையே எடுக்கணும், அதுவும் இப்போதைக்கு நடக்காது. 2011-ல இந்த வாசகத்தை மறுபடி உறுதி பண்ணி கீழ்ச்சபையில ஒரு தீர்மானம் வந்தப்ப ஆதரவா 396 ஓட்டு, எதிர்ப்பு வெறும் 9. யார் போய் பூனைக்கு மணி கட்டுவா.

எனக்கு ஏன் எடுக்கணும்னு தோணுதுன்னா, பணம்ங்கறது ஒரு நாட்டுல யாரும் வேண்டாம்னு சொல்ல முடியாத ஒரே பொருள். கொடியைக் கும்பிடாம இருக்கலாம், கோயிலுக்கு சர்ச்சுக்குப் போகாம இருக்கலாம், நோட்டைத் தொடாம ஒரு நாள் ஓட்ட முடியாது. அப்படிப்பட்ட ஒண்ணுல 'நாம நம்புறோம்'னு எல்லார் சார்பாவும் எழுதறப்ப அந்த 'நாம'ல இல்லாதவன், அவன் வரி கட்டறான், பட்டாளத்துக்குப் போறான், அவன் இந்த நாட்டுக்காரன்தானான்னு ஒரு சின்ன சந்தேகத்தை அரசாங்கமே அச்சடிச்சு விடுது. பெரிய கொடுமைன்னு சொல்ல மாட்டேன், இதனால யாரும் சோறு தண்ணி இல்லாமப் போயிடல, உலகத்துல இதை விட அவசரமான ஆயிரம் விஷயம் இருக்கு. சுவிஸ் காசு விளிம்புல இருக்கற மாதிரி பழைய எழுத்து தேஞ்சு கிடந்தா அதை நான் நோண்டவும் மாட்டேன். புதுசா யாராவது சேர்க்கணும்னு கிளம்பினா மட்டும், எப்ப கிளம்பறாங்கன்னு பாருங்க. உள்நாட்டுப் போர், பனிப்போர், தேர்தல். நாடு நிம்மதியா இருக்கறப்ப எவனுக்கும் காசுல கடவுள் ஞாபகம் வர்றதில்ல.

பக்தி உள்ளவங்க என் மேல கோவப்படறதுக்கு முன்னாடி ரூஸ்வெல்ட் கடிதத்தை ஒரு தடவை தேடிப் படிச்சுட்டு வாங்க, அப்புறம் திட்டுங்க, வாங்கிக்கறேன்.

கேள்வி: 2007-ல அமெரிக்க அரசாங்கம் வேணும்னே கடவுள் பேரை எடுத்துட்டு காசு விட்டுச்சுன்னு ஒரு செய்தி சுத்துதே, உண்மையா?

பாதி உண்மை. அந்த வருஷம் வந்த அதிபர்கள் வரிசை ஒரு டாலர் காசுல வாசகத்தை முகப்புல போடாம விளிம்புல போட்டாங்க, விளிம்பு எழுத்தைத் தனி மெஷின்ல பொறிப்பாங்க. ஜார்ஜ் வாஷிங்டன் காசு பல ஆயிரம் அந்த மெஷினுக்குள்ள போகாமலே வெளிய வந்துடுச்சு, அதனால கடவுள் பேரு மட்டுமில்ல, வருஷமும் இல்ல, மத்த எழுத்தும் இல்ல, வழவழன்னு இருக்கும். உடனே சதி சதின்னு மெயில் பறந்தது. அந்த வருஷ டிசம்பர்லயே வாசகத்தை விளிம்புலேர்ந்து எடுத்து காசோட முகத்துக்கே கொண்டு வரணும்னு சட்டம் போட்டாங்க, 2009 காசுலேர்ந்து அப்படித்தான் வருது. அந்த வழவழ வாஷிங்டன் காசை சேகரிக்கறவங்க ஒரு டாலரை விட நல்லாவே அதிக விலை கொடுத்து வாங்கறாங்க, அதனால கையில ஒண்ணு சிக்கினா டீ காபிக்கு நீட்டிடாதீங்க.